"வெளிய யாரு இருக்கா அத்தை?"

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)



இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து வந்தது. கேட்டது என் அண்ணன் பொண்ணு. வயசு எட்டு. போன பொங்கலுக்கு நான் தருமபுரியில வீட்டுக்குப் போயிருந்தேன். லீவு நாள், சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வெயில் நல்லா இறங்கிடுச்சு. அவ சோபாவுல குப்புறப் படுத்துக்கிட்டு போன் பாத்துட்டு இருந்தா. நான் வழக்கமா எல்லா அத்தையும் சொல்றதைச் சொன்னேன். "ஏ பாப்பா, போனை வெச்சுட்டு வெளிய போய் விளையாடு."

அவ தலையைக்கூடத் தூக்கலை. "வெளிய யாரு இருக்கா அத்தை?"ன்னு கேட்டா.

எனக்குக் கொஞ்சம் கோபம். என்ன பேச்சு இதுன்னு கேட்டைத் திறந்து தெருவைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர், வரிசையா நிறுத்தின பைக்கு, ஒரு தண்ணி டேங்கர். ஒரே ஒரு குழந்தை கூட இல்லை. அந்தத் தெருவுல குழந்தைங்க இல்லாம இல்லை. எனக்குத் தெரிஞ்சே எட்டு வீட்டுல இருக்காங்க. எட்டு வீட்டுலயும் கதவு சாத்தியிருந்துச்சு. ஒவ்வொரு குழந்தையும் உள்ளே உட்கார்ந்து, வெளிய யாரும் இல்லைன்னு நினைச்சுட்டு இருக்கு.

அவ சொன்னது சரிதான். இன்னைக்குப் பேசப் போறது அதைப் பத்தித்தான்.

சென்னையிலயும் பெங்களூருலயும் இருக்கிற நம்ம நண்பர்கள்கிட்ட தருமபுரின்னு சொன்னா, "சூப்பர் ஊராச்சே, பசங்களுக்கு என்ன குறை"ன்னு சொல்வாங்க. ஒகேனக்கல் இருக்கு, தீர்த்தமலை இருக்கு, வத்தல்மலை இருக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை தெரியும். ஆனா ஒரு டவுன் குழந்தையோட நாளை எடுத்துப் பாருங்க. காலையில ஏழரைக்கு வேன். சாயங்காலம் அஞ்சுக்கு வேன்ல இருந்து இறங்கும். அஞ்சரைக்கு டியூஷன். ஏழு மணிக்கு ஹோம்வொர்க். ஸ்கூல்ல பி.டி. பீரியடு இருக்கேன்னு கேட்டா, அதை மேக்ஸ் சார் வாங்கிட்டுப் போயிடுவார். மலை ஜன்னலுக்கு வெளிய அப்படியே நிக்குது. குழந்தைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, வெளிய போகலைன்னா என்ன ஆயிடப் போகுது? வீட்டுல பத்திரமாத்தானே இருக்கு? இதுக்கு "இயற்கையோடு வாழணும்"ன்னு பொதுவா ஒரு பதில் சொல்லலாம். நான் அதைச் சொல்லலை. கண்ணைப் பத்தி மட்டும் சொல்றேன். ஏன்னா அதுல அளந்து பார்த்த கணக்கு இருக்கு.

கிட்டப்பார்வை, அதாவது போர்டுல எழுதினது தெரியாம கண்ணாடி போடுறது, உலகம் முழுக்க ஏறிட்டு இருக்கு. 2050-ல உலக மக்கள்தொகையில பாதிப் பேருக்கு இது இருக்கும்னு 2016-ல வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டுச்சு. சீனாவுல குவாங்சோ நகரத்துல ஒரு பரிசோதனை பண்ணினாங்க. 12 தொடக்கப்பள்ளிகள், எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க. ஆறு பள்ளியில தினமும் கூடுதலா ஒரு 40 நிமிஷம் வெளியில வகுப்பு. மத்த ஆறு பள்ளியில வழக்கம்போல. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வழக்கம்போல இருந்த பள்ளிகள்ல 39.5 சதவீதம் பிள்ளைங்களுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளிய போன பள்ளிகள்ல 30.4 சதவீதம். இந்த முடிவு 2015-ல வெளியாச்சு. நூறு பிள்ளைங்களுக்கு ஒன்பது பேர் வித்தியாசம். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, 40 நிமிஷ வெளிச்சம்.

ஏன் இப்படின்னா, வெளிச்சத்தை லக்ஸ்னு ஒரு அளவுல அளப்பாங்க. நல்லா லைட் போட்ட ஒரு வகுப்பறையில 300, 500 லக்ஸ் இருக்கும். வெளியில ஒரு புளியமரத்து நிழல்ல நின்னாலே சில ஆயிரம் இருக்கும். நல்ல வெயில்ல ஒரு லட்சம் வரைக்கும் போகும். நம்ம கண்ணு ரெண்டையும் ஒண்ணு மாதிரி சமாளிச்சுக்கிறதால நமக்கு அந்த வித்தியாசம் தெரியிறதில்லை. அந்த வெளிச்சம் விழித்திரையில டோபமைன் சுரக்க உதவுது, வளர்ற வயசுல கண்ணு அளவுக்கு மீறி நீளமாகாம அது தடுக்குதுன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. தைவான்ல 2010-ல இருந்தே தினமும் 120 நிமிஷம் வெளியிலன்னு ஒரு திட்டம் பள்ளிகள்ல நடக்குது.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுறேன். இது கிட்டப்பார்வை வராம தடுக்குறதுக்கு. ஏற்கெனவே பவர் இருக்கிற குழந்தைக்குக் கண்ணாடி போட்டே ஆகணும். "வெளிய விளையாடினா சரியாயிடும்"னு யாரும் கண்ணாடியைக் கழட்டி வெச்சுடாதீங்க. அப்புறம் நம்ம ஊரு மத்தியான வெயில்ல நிறுத்தணும்னும் அவசியம் இல்லை. காலையிலயோ சாயங்காலமோ, நிழல்ல இருந்தாலும் போதும்.

கண்ணு ஒரு உதாரணம்தான். உலக சுகாதார நிறுவனம் 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற மாதிரி உடம்பு அசையணும்னு 2020-ல சொல்லியிருக்கு. வேன்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் நடக்கிறது அந்தக் கணக்குல வராது.

அந்தக் குவாங்சோ பரிசோதனையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. அங்க யாரும் குழந்தைகளைப் பார்த்து "வெளிய போங்க"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கலை. டைம்டேபிள்ல ஒரு பீரியடு போட்டாங்க. எல்லாரும் ஒண்ணாப் போனாங்க. கூட ஒரு டீச்சர் இருந்தார். நேரம், இடம், கூட ஆளுங்க, பார்த்துக்க ஒரு பெரியவர். இந்த நாலும் இருந்துச்சு. நான் எங்க பாப்பாகிட்ட சொன்னப்ப இந்த நாலுல ஒண்ணு கூட இல்லை.

எங்க மாவட்டத்துலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. தருமபுரியில இருந்து அரூர் போய், கோட்டப்பட்டி தாண்டிப் போனா சிட்லிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தாக்கு. மலையாளின்னு சொல்ற பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழ்ற இடம். டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா ரெண்டு பேரும் 1990-களோட தொடக்கத்துல அங்க போய் ஒரு குடிசையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச கதை உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அதே பள்ளத்தாக்குல 2004-ல "துளிர்"னு ஒரு கற்றல் மையம் ஆரம்பமாச்சு. ஆரம்பிச்சவங்க அனுராதா, கிருஷ்ணான்னு ஒரு கட்டிடக் கலைஞர் தம்பதி. அதுக்கு முன்னாடி கூடலூர்ல ஆதிவாசிப் பிள்ளைகளோட பள்ளியில வேலை செஞ்சவங்க.

அங்க பாடப்புத்தகத்தோட தோட்ட வேலையும் மண் வேலையும் மலையேற்றமும் சைக்கிள் பயணமும் சேர்ந்தே நடக்குது. ஓட்டப் பயிற்சி எடுத்து, ஆரோவில் மாரத்தானுக்குப் போய் ஓடுன பிள்ளைங்க அங்க இருக்காங்க.

சுத்திலும் காடு, கதவைத் திறந்தா மலை. அங்க போய் பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டுப் போக ஒரு மையம் எதுக்குன்னு முதல்ல எனக்கும் தோணுச்சு. யோசிச்சுப் பார்த்தா, மலை இருக்கிறது மட்டும் போதாது. வெளிய போறதும் படிப்புதான்னு ஏத்துக்கிற, கூடவே நடந்து வர்ற ஒரு பெரியவர் வேணும். காட்டுக்குப் போறது நேர விரயம், உட்கார்ந்து படிச்சாதான் முன்னேற்றம்னு வீட்டுலயும் ஸ்கூல்லயும் சொல்லிட்டே இருந்தா, மலையடிவாரத்துக் குழந்தைக்கும் மலை இல்லாமப் போயிடும். சிட்லிங்கிக்கே ஆள் வேணும்னா, எங்க தெருவுக்கு வேண்டாமா?

இப்போ பெத்தவங்க பக்கம் வருவோம். "இந்தக் காலத்துப் பேரன்ட்ஸ் ஓவரா பொத்திப் பொத்தி வளர்க்கிறாங்க"ன்னு சொல்றது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பயம் உண்மையானது. எங்க பக்கம் சுத்துச் சுவர் இல்லாத விவசாயக் கிணறு நிறைய உண்டு. ஒவ்வொரு கோடை லீவுக்கும் ஏரியிலயோ கிணத்துலயோ குழந்தைங்க மூழ்கின செய்தி பேப்பர்ல வருது. தெருநாய் இருக்கு. நாங்க சின்ன வயசுல நடுரோட்டுல கோடு கிழிச்சு பாண்டி விளையாடினோம். இப்போ அதே ரோட்டுல நிமிஷத்துக்கு ஒரு பைக் போகுது.

நாங்க ஏழாங்கல்லும் கில்லியும் விளையாடினப்ப மட்டும் ஆபத்து இல்லையா? இருந்துச்சு. ஆனா திண்ணையில ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும். குழாயடியில நாலு அக்காங்க குடத்தோட நிப்பாங்க. டெய்லர் கடையில ஒரு மாமா மிஷின் மிதிச்சிட்டே ஒரு கண்ணை ரோட்டு மேல வெச்சிருப்பார். "ஏய், அந்தப் பக்கம் போகாத, உங்கப்பன் வரட்டும் சொல்றேன்"னு ஒரு குரல் எங்க இருந்தாவது வரும். அவங்க யாரும் எங்களைப் பார்த்துக்க உட்காரலை. அவங்க வேலையைப் பார்த்தாங்க, அதோட எங்களையும் பார்த்தாங்க. ஜேன் ஜேக்கப்ஸ்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் 1961-லயே நகரங்களைப் பத்தின புத்தகத்துல இதைத்தான் சொன்னாங்க. தெருவைப் பார்த்துட்டே இருக்கிற சாதாரண ஜனங்களோட கண்ணுதான் தெருவுக்குப் பாதுகாப்பு. இப்போ திண்ணையை இடிச்சு கார் ஷெட் ஆக்கியாச்சு. தண்ணி வீட்டுக்குள்ளயே வருது. நல்லதுதான், குடம் தூக்குன அக்காங்களைக் கேட்டா தெரியும். ஆனா அதோட அந்தக் கண்ணுங்களும் உள்ளே போயிடுச்சு.

பொம்பளப் பிள்ளைங்க விஷயத்தைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. பையனா இருந்தா பதிமூணு வயசுல கிரவுண்டுக்குப் போறான், கிரிக்கெட் ஆடுறான். பொண்ணுக்கு அதே வயசுல தெரு மூடிடுது. எனக்கு மூடுச்சு. வயசுக்கு வந்த மறுவாரம் சைக்கிளை எங்க சித்தப்பா பையனுக்குக் கொடுத்துட்டாங்க. யாரும் திட்டலை, அடிக்கலை. "இனிமே எதுக்கு"ன்னு ஒரே ஒரு வார்த்தை. நம்ம மாநிலத்துல பதினொண்ணாவது படிக்கிறப்ப அரசாங்கம் இலவச சைக்கிள் தருது. அருமையான திட்டம். எனக்கும் வந்துச்சு. ஆனா அதுல திரும்ப ஏறினப்ப எனக்கு பேலன்ஸே வரலை. நடுவுல மூணு வருஷம் நான் ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல்.

எங்க பாப்பாவுக்கு இப்போ எட்டு. எண்ணிப் பார்த்தா இன்னும் நாலஞ்சு வருஷம்தான். அதுக்குள்ள அவ இந்தத் தெருவைத் தன்னோடதுன்னு பழகிட்டா, அப்புறம் அவகிட்ட இருந்து பிடுங்குறது அவ்வளவு சுலபமா இருக்காது. இப்பவே சோபாவுல இருந்தா, அன்னைக்குப் பிடுங்க ஒண்ணுமே இருக்காது. "வெளிய யாரு இருக்கா"ன்னு அவ கேட்டது என்னைத் தூங்க விடாததுக்கு இதுதான் காரணம்.

சரி, நான் என்ன பண்ணேன்? மறுநாள் சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துட்டுப் போய் கேட்டுக்கு வெளிய போட்டு உட்கார்ந்தேன். அஞ்சு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும். பக்கத்து வீட்டு அக்காகிட்ட, "நான் இங்கதான் இருக்கேன்கா, உங்க பையனை அனுப்புங்க"ன்னு சொன்னேன். முதல் நாள் மூணு பேர். ஒரு கால் மணி நேரம் மூணு பேரும் என்ன பண்றதுன்னு தெரியாம என்னைப் பார்த்துட்டு நின்னாங்க. எனக்கு ஏதாவது கேம் சொல்லிக் கொடுக்கணும்னு கை துறுதுறுன்னு வந்துச்சு. வாயை மூடிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் ஒருத்தன் ஓடினான், ரெண்டு பேர் துரத்தினாங்க. அவ்வளவுதான். மூணாவது நாள் ஏழு பேர். எதிர் வீட்டு அம்மா கீரைக் கட்டோட வந்து என் பக்கத்துல உட்கார்ந்து ஆய ஆரம்பிச்சாங்க.

எனக்கு ஒரே பெருமை. கிளம்புறப்ப அண்ணிகிட்ட "பார்த்தீங்களா அண்ணி, இவ்வளவுதான் விஷயம்"னு சொன்னேன். பெங்களூர் வந்து ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணேன். சேர் உள்ளே போயிடுச்சு. பாப்பா திரும்ப சோபாவுல.

"ஏன் அண்ணி?"ன்னு கேட்டேன். "நீ நாலு நாள் லீவுல வந்து உட்கார்ந்துட்டுப் போயிட்ட. நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்கே ஆறரை ஆகுது. வந்து சமைக்கணும். நான் எப்படி தினமும் உட்கார்றது?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. நல்லது சொல்றோம்னு நினைச்சு இன்னொரு பொம்பளை தலையில இன்னொரு வேலையைக் கட்டிட்டு வந்திருக்கேன். குழந்தை வெளிய விளையாடணும்னு யார் சொன்னாலும், அந்த ஒரு மணி நேரம் யார் உட்காரப் போறாங்கன்னு சொல்லலைன்னா, கடைசியில அது அம்மா தலையிலதான் விழும்.

அதுக்கப்புறம் போன்லயே பேசிப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம். நாலு வீடு. எதிர் வீட்டுல ரிட்டயர்டு ஆன ஒரு தாத்தா, அவருக்கு ரெண்டு நாள். கீரை ஆயுற அம்மாவுக்கு ஒரு நாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு நாள். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன். ஆமா, அண்ணன். அண்ணிக்கு லீவு. தாத்தாவுக்கு ஒரு நிபந்தனை, அவர் பேப்பர் படிப்பார், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ரொம்ப நல்ல நிபந்தனை. பார்த்துக்கிறவர் பார்க்காத மாதிரி இருந்தாதான் பிள்ளைங்க நிஜமா விளையாடுவாங்க.

எல்லா வாரமும் ஒழுங்கா நடக்குதான்னா, இல்லை. பரீட்சை வந்தா காலி. மழை வந்தா காலி. தாத்தாவுக்குக் கால் வலின்னா காலி. வாரத்துக்கு மூணு நாள் தேறுது. பாப்பா இன்னும் போன் பார்க்கிறா. ஆனா அஞ்சு மணி ஆனா சேர் போட்டாச்சான்னு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறாளாம்.

இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல 2009-ல ரெண்டு அம்மாக்கள் இதையே கொஞ்சம் பெரிசாப் பண்ணினாங்க. ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் ரெண்டு, மூணு மணி நேரம் தங்களோட தெருவுல போற வண்டிகளை நிறுத்தி, ரெண்டு முனையிலயும் அக்கம்பக்கத்து ஆளுங்களே நின்னு, தெருவைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. பிளேயிங் அவுட்னு பேரு. அங்க இருந்து அது நிறைய ஊருக்குப் பரவுச்சு. அங்கயும் அதே நாலுதான்: நேரம், இடம், கூட ஆளுங்க, ஒரு பெரியவர்.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. "எனக்கு ஏன் இதைச் சொல்ற"ன்னு தோணலாம். உங்களுக்குத்தான் சொல்றேன். வேலை, சமையல், ஹோம்வொர்க்னு ஓடிட்டு இருக்கிற அம்மா அப்பாகிட்ட இல்லாத ஒரு மணி நேரம் வாரத்துல ஒரு நாள் உங்ககிட்ட இருக்கு. நீங்க யாருக்கோ சித்தி, யாருக்கோ மாமா. அபார்ட்மென்ட்ல இருக்கீங்கன்னா, "இங்கே பந்து விளையாடக் கூடாது"ன்னு ஒரு போர்டு கண்டிப்பா இருக்கும். அசோசியேஷன் மீட்டிங்குக்கு ஒரு தடவை போங்க. போர்டை எடுங்கன்னு சண்டை போட வேண்டாம். "அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் மட்டும் விடுங்க, நான் சனிக்கிழமை உட்கார்றேன்"னு சொல்லுங்க. யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டா மறுக்கிறது அவங்களுக்குக் கஷ்டம்.

கிணறு, ஏரி பக்கம் போற ஊருன்னா, முதல்ல நீச்சல். பெரியவங்க இல்லாம தண்ணியில இறங்கக் கூடாதுங்கிற ஒரு விதியை மட்டும் கறாரா வெச்சுக்கோங்க. மத்ததுல கொஞ்சம் விட்டுடலாம். முட்டியில சிராய்ப்பு ஆறிடும்.

உங்க வீட்டுல பன்னெண்டு வயசுப் பொண்ணு இருந்தா, அவ சைக்கிள் இப்போ எங்க இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

போன வாரம் போன் பண்ணப்ப பாப்பாதான் எடுத்தா. பேசப் பிடிக்கலை அவளுக்கு. "அத்தை, அப்புறம் பேசுறேன், வெளிய எல்லாரும் இருக்காங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டா.

உங்க தெருவுல இப்போ யார் வெளிய இருக்காங்கன்னு பார்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.